எழுதி வைத்துவிட்டுப் போன ரசிகருக்கு என்ன செய்வது?

2007 ஜூலை 20, வெள்ளிக்கிழமை. அர்ஜென்டினாவில் அன்று நண்பர் தினம். ரொசாரியோ நகரிலிருந்து வடக்கே கிரனதேரோ பைகோரியாவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிய ஓர் இறுதி ஊர்வலம், வழியில் ரொசாரியோ சென்ட்ரல் கால்பந்துக் கிளப்பின் மைதானத்துக்கு முன்னால் நின்றது. பெட்டியில் இருந்தவர் அந்தக் கிளப்புக்கு ஆடியவர் இல்லை, பயிற்சி கொடுத்தவரும் இல்லை. ரசிகர். கார்ட்டூன் போட்டார், கதை எழுதினார். பெயர் ரொபேர்த்தோ ஃபோன்தனரோசா. ஊர் அவரை ‘எல் நெக்ரோ’ என்றே கூப்பிட்டது. முந்தைய நாள்தான், 62 வயதில், இறந்திருந்தார்.

ஆட்டக்காரர் ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாக் கிளப்புகளுக்கும் தெரியும். கையில் கறுப்புப் பட்டை, ஒரு நிமிட மௌனம், பெரிய திரையில் பழைய கோல்கள். எழுதிய ரசிகர் இறந்தால் திரையில் போட ஒன்றும் கிடையாது. அவர் விட்டுப்போனது சொற்கள் மட்டும். கொடியும் மாலையும் கைதட்டலும் ஒரு நாள் வேலை, எழுதியதைப் புழக்கத்தில் வைப்பது வருஷக்கணக்கான வேலை. முதல் வேலையில் சொதப்பாமல் இருக்கக் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிய வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலான ரசிகர் கூட்டங்கள் தொடங்குவதே இல்லை. ரொசாரியோக்காரர்கள் தொடங்கினார்கள், விடாமல் செய்கிறார்கள். அதனால்தான் அவர்களை வைத்து இதை எழுதுகிறேன்.

ரொசாரியோ, புவெனோஸ் ஐரெஸுக்கு வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டரில், பரானா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கே இரண்டு கிளப்புகள். 1889இல் பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர்கள் தொடங்கிய ரொசாரியோ சென்ட்ரல், நீலமும் மஞ்சளும். 1903இல் தொடங்கிய நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ், சிவப்பும் கறுப்பும். தொழுநோயாளிகளுக்காக நிதி திரட்ட ஓர் ஆட்டம் கேட்டார்கள், நியூவெல்ஸ் ஒப்புக்கொண்டது, சென்ட்ரல் மறுத்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதிலிருந்து நியூவெல்ஸ்காரர்கள் தொழுநோயாளிகள், சென்ட்ரல்காரர்கள் அயோக்கியர்கள். இரண்டு தரப்பும் வசவையே பட்டமாகச் சூடிக்கொண்டுவிட்டன. சென்ட்ரல் ரசிகன் இன்றும் தன்னை ‘கனாஷா’, அதாவது அயோக்கியன், என்று பெருமையாகத்தான் சொல்வான்.

ஃபோன்தனரோசா பிறவி கனாஷா. 1944 நவம்பர் 26இல் அதே ஊரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தார். தலைநகருக்குக் குடிபெயராமலே நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தவர். இனொதோரோ பெரெய்ரா என்ற புல்வெளி நாடோடியையும் அவனுடைய பேசும் நாய் மெந்தியேத்தாவையும் அர்ஜென்டினாவில் அறியாத வீடு கிடையாது. நகர மையத்தில் எல் கைரோ என்ற காபிக்கடையில் நண்பர்களோடு உட்காரும் மேஜை, அங்கே காதில் விழும் பேச்சு, அதுதான் அவருடைய கதைகளின் மொழி. 2003இல் ஏ.எல்.எஸ். நோய் என்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நோய். 2007 ஜனவரியில், இனித் தன் கையால் வரைய முடியாது என்று அறிவித்தார். அதன் பிறகு வசனமும் கருத்தும் அவருடையவை, கோடு மட்டும் கிறிஸ்த், ஒஸ்கார் சாலாஸ் ஆகிய இரண்டு கார்ட்டூனிஸ்டுகளுடையது. ஆறே மாதம்.

அவர் சென்ட்ரலைப் பற்றி எழுதியதில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று. அதன் தலைப்பே ஒரு தேதி: 1971 டிசம்பர் 19. அந்தத் தேதியின் பின்னணி தெரியாமல் கதையைப் படித்தால் பாதிதான் கிடைக்கும். அவரைப் பற்றி எழுதப்படும் அஞ்சலிக் குறிப்புகளில் தவறு நுழைவதும் இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அன்று நடந்தது இறுதி ஆட்டம் அல்ல, தேசியத் தொடரின் அரையிறுதி. மோதியது சென்ட்ரலும் நியூவெல்ஸும். ஒரே ஊரின் இரண்டு கிளப்புகள், ஆனால் ஆட்டம் அந்த ஊரில் இல்லை. புவெனோஸ் ஐரெஸில், ரிவர் பிளேட் கிளப்பின் மோனுமென்டல் மைதானத்தில். ஊரே கிளம்பி 300 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. இரண்டாம் பாதியில் பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை, சென்ட்ரலின் ஆல்டோ பெத்ரோ போய் என்ற ஆட்டக்காரர் தரைக்கு இணையாகப் பாய்ந்து தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். இந்த மாதிரிப் பாய்ச்சலை அங்கே பலோமித்தா என்பார்கள். 1-0. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 22இல், இறுதி ஆட்டத்தில் சான் லொரென்சோவை 2-1 என்று வென்றார்கள். அந்த இறுதி ஆட்டம் நடந்த இடம் எது தெரியுமா? ரொசாரியோவில், நியூவெல்ஸின் சொந்த மைதானம். தலைநகர வட்டாரத்துக்கு வெளியே இருக்கும் ஊர் ஒன்று தேசியப் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. பயிற்சியாளர் ஆன்ஹெல் லப்ரூனா.

இவ்வளவும் நிஜம். இதன்மேல் ஃபோன்தனரோசா ஒரு பொய்யை ஏற்றினார். கதையில் சென்ட்ரல் ரசிகர் கும்பல் ஒன்று, இந்த ஆட்டத்துக்கு எந்த ராசியையும் விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு செய்கிறது. அதே சட்டை, அதே ஆட்கள், அதே இடம் எல்லாம் போதவில்லை. கசாலே என்று ஒரு கிழவர். அவர் நேரில் பார்த்த எந்த ஆட்டத்திலும் சென்ட்ரல் நியூவெல்ஸிடம் தோற்றதில்லை. அப்படிப்பட்ட ராசிக்காரரை விட்டுவிட்டுப் போவதா? ஆனால் அவருக்கு இதய நோய். மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. கும்பல் அவரைக் கடத்திக்கொண்டு போகிறது. சென்ட்ரல் ஜெயிக்கிறது. கிழவர் சந்தோஷத்தின் உச்சியில், கேலரியிலேயே இறந்துபோகிறார். கடத்திய ஆட்களில் ஒருவனே நமக்கு இதைச் சொல்கிறான், தப்பு செய்துவிட்டோமோ என்ற உறுத்தல் துளியும் இல்லாமல். ஒரு கனாஷாவுக்கு இதைவிட நல்ல சாவு உண்டா என்பது அவன் கட்சி.

ஆட்டம் 300 கிலோமீட்டர் தள்ளி நடந்தது என்பது கதைக்கு எவ்வளவு உதவுகிறது பாருங்கள். உள்ளூர் ஆட்டமாக இருந்தால் கிழவரைக் கடத்துவது இவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்காது. நிஜத்தின் ஒரு சின்னத் தகவலைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் கட்டியிருக்கிறார். அதனால்தான் அதைப் படிக்கும் ரொசாரியோக்காரன் எது நடந்தது, எது அவர் கற்பனை என்று பிரிக்கவே முயல்வதில்லை. அந்தக் கோல் இப்போது பாதி ஆல்டோவுடையது, பாதி ஃபோன்தனரோசாவுடையது.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் கிளப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துவிட்டார். ரசிகர்களாக என்ன செய்யலாம், எங்கே கெட்டுப்போகும்?

ஊர்வலத்தை மைதானத்தில் நிறுத்துவதிலிருந்து தொடங்குகிறேன். ரொசாரியோவில் அது இயல்பாக அமைந்ததற்கு ஒரு காரணம், சென்ட்ரலின் ஹிகான்தே தெ அரோஷித்தோ மைதானம் நகரின் வடபகுதியில் இருக்கிறது, கல்லறைத் தோட்டமும் வடக்கே. போகிற வழியில் சில நிமிடம் நிற்பது யாருக்கும் பாரமாக இல்லை. எதிர்த்திசையில் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். குடும்பத்தின் நாள் அது, உங்கள் நாள் அல்ல. நிறுத்துவதானால் குடும்பத்திடமும் கிளப்பிடமும் காவல்துறையிடமும் முதல் நாளே சொல்லி, எந்த வாசல், எத்தனை நிமிடம் என்று முடிவு செய்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாராளம். ஊர்தியைப் புல்தரைக்குள் கொண்டுபோகக் கேட்காதீர்கள். அந்த எடை புல்லில் தடம் பதிக்கும், மைதானப் பராமரிப்பாளர் மறுப்பார், அந்த வாக்குவாதம் துக்க வீட்டின் காதில் விழும்.

பெட்டியின்மேல் கிளப் கொடி போர்த்துவது எல்லா ஊரிலும் உண்டு. பளபளப்பான சாட்டின் கொடி, பாலிஷ் போட்ட மரத்தில் நிற்காமல் சரியும். தோளில் தூக்கும்போது முன்பக்கம் சாய்ந்தால் போதும், கொடி கீழே கிடக்கும். பருத்தித் துணிக் கொடியாக இருந்தால் நல்லது. கையில் இருப்பது சாட்டின்தான் என்றால், நான்கு மூலையிலும் நாடா தைத்துப் பெட்டியின் கைப்பிடிகளில் கட்டிவிடுங்கள். கொடி பெட்டியோடு போகுமா, குடும்பத்திடம் போகுமா, ரசிகர் சங்கத்துக்குத் திரும்புமா என்பதை முன்பே கேட்டுவையுங்கள். குழிக்கரையில் நின்று கேட்கிற கேள்வி அல்ல அது.

அடுத்து, மௌனமா கைதட்டலா. மௌனம் ஆட்டத்துக்கு முன்னால் நடப்பது. நடுவரின் விசிலில் தொடங்கி விசிலில் முடியும், அதனால் கிளப்பும் லீக்கும் சம்மதிக்க வேண்டும். ஆட்டக்காரர் அல்லாத ஒருவருக்கு அந்தச் சம்மதம் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் மௌனத்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: ஒரே ஒருவன் நினைத்தால் கெடுத்துவிடலாம். கெடுப்பவன் எப்போதும் எதிரணி ஆளாகவும் இருக்க மாட்டான். கேலரிக்குப் பின்னால் தின்பண்டக் கடை வரிசையில் நிற்பவனுக்கு அறிவிப்பு கேட்டிருக்காது, பேசிக்கொண்டே படியேறி வருவான். மைக் அறிவிப்பை இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடம் விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கைதட்டலில் இந்தச் சிக்கல் இல்லை, எந்தக் கூச்சலும் அதில் அமுங்கிப்போகும். இத்தாலியில் கைதட்டுவது பழைய வழக்கம். இங்கிலாந்தில் 2005இல் ஆட்டக்காரர் ஜார்ஜ் பெஸ்ட் இறந்ததை ஒட்டி அது பரவலானது.

யாருடைய சம்மதமும் தேவைப்படாத வழி ஒன்று உண்டு: ஆட்டத்துக்கு நடுவே, குறிப்பிட்ட நிமிடத்தில் ரசிகர்களே கைதட்டுவது. வயதையோ ஓர் எண்ணையோ நிமிடமாக எடுத்துக்கொள்வார்கள். 2014 ஜூலை 17இல் உக்ரைன் மீது சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17 விமானத்தில், தங்கள் அணியின் ஆட்டம் பார்க்க நியூசிலாந்து போய்க்கொண்டிருந்த இங்கிலாந்தின் நியூகாசில் கிளப் ரசிகர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக 17வது நிமிடத்தில் கைதட்டினார்கள். இதில் எல்லா ஊரிலும் நடக்கும் குழப்பம் இதுதான். 17வது நிமிடம் என்பது கணக்குப்படி கடிகாரத்தில் 16:00 முதல் 16:59 வரை. பாதிப்பேர் அப்போது தட்டுவார்கள். மீதிப்பேர் ஸ்கோர் பலகையில் 17:00 வந்ததும் தொடங்குவார்கள். இரண்டு அரைகுறைக் கைதட்டலாகச் சிதறிப்போகும். துண்டுச்சீட்டில் “பலகையில் 17:00 கண்டதும்” என்று அச்சடித்துவிடுங்கள், தீர்ந்தது. அந்த நேரத்தில் உங்கள் அணிக்குக் கோல் வாய்ப்பு வந்தால் கைதட்டல் கரைந்துவிடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போனவரும் அந்த நேரத்தில் பந்தைத்தான் பார்த்திருப்பார்.

அதே நியூகாசில் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரம எதிரியான சன்டர்லேண்ட் ரசிகர்கள், மலர்வளையம் வாங்க 100 பவுண்டு சேர்க்கலாம் என்று நிதி திரட்டத் தொடங்கினார்கள். 33,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. மலர்வளையம் போக மீதி தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. நிதி திரட்டும் யாரும் மிச்சப் பணம் எங்கே போகும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். சேர்ந்த பிறகு முடிவெடுத்தால் நல்ல மனசுக்காரர்களும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

பேனர் விஷயத்துக்கு வருகிறேன். அதிக உழைப்பும் அதிக வீணடிப்பும் இதில்தான். அர்ஜென்டினாவில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரிகள் பெரும்பாலும் நின்று பார்ப்பவை. இருக்கை இல்லை, ஆகவே இருக்கைக்கு ஓர் அட்டை வைத்துப் படம் காட்டும் ஐரோப்பிய முறை அங்கே எடுபடாது. துணிதான். எழுத்தாளருக்கு பேனர் செய்யும் எல்லோரும் முதலில் நினைப்பது, அவர் எழுதியதிலிருந்து ஒரு நல்ல வாக்கியத்தை எடுத்துப் போடலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். எதிர்க் கேலரி 100 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து சிரமமில்லாமல் படிக்க ஓர் எழுத்து சுமார் 80 செ.மீ. உயரம் வேண்டும், கோட்டின் தடிமன் 12 முதல் 14 செ.மீ. இந்தக் கணக்கில் 20 மீட்டர் துணியில் ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் பிடிக்காது. பெயர், இரண்டு மூன்று சொல், அவ்வளவுதான். வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் போடுங்கள், அங்கே அதைப் படிப்பார்கள்.

ஃபோன்தனரோசா போன்ற ஒருவர் என்றால் வேலை எளிது, அவருடைய கதாபாத்திரங்கள் தடித்த கறுப்புக் கோட்டில் இருப்பவை. கோட்டுச் சித்திரம் பெரிதாக்கினாலும் கெடாது. புகைப்பட முகத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் நிழல்கள் எல்லாம் தூரத்தில் அழுக்குத் திட்டாகத் தெரியும். முகம்தான் வேண்டும் என்றால், படத்தைக் கறுப்பு வெள்ளை இரண்டே நிறமாக்கி, அதையும் ஆளை அடையாளம் தெரிகிறதா என்று அறையின் மறுமூலையிலிருந்து பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பெரிதாக்குவதற்கு நம்மூர் கட் அவுட் ஓவியர்கள் காலங்காலமாகச் செய்யும் கட்டம் போடும் முறையே போதும். படத்தில் 1 செ.மீ. கட்டம், துணியில் 50 செ.மீ. கட்டம். கட்டங்களுக்கு இரண்டு பக்கமும் எண் போடுங்கள். எண் போடாத துணியில் நான்கு பேர் நான்கு மூலையிலிருந்து வரைந்தால், மூக்கு ஒரு கட்டம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும்.

துணி மெல்லிய பாலியெஸ்டர், சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம். 20க்கு 10 மீட்டர் என்றால் 200 சதுர மீட்டர், துணி மட்டும் 20 முதல் 24 கிலோ. பெயின்ட் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கட்டும். 1 லிட்டர் சுமார் 8 சதுர மீட்டர் போகும், பருத்தித் துணி அதில் பாதியைக் குடித்துவிடும். தடிமனாகப் பூசினால் மடிக்கும்போது வெடித்து உதிரும். மெல்லியதாக இரண்டு தடவை பூசுவதே சரி. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடாவிட்டால் தரை துணியையும் துணி தரையையும் பிடித்துக்கொள்ளும். ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்த பேனரை ஆட்ட நாளில் விரித்தால் ஒரு பக்கத்துப் படம் மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும், திரும்ப வரைய நேரம் இருக்காது. மடிக்கும்போதும் விரிக்கப்போகும் திசையை நினைத்து மடியுங்கள். மேல் ஓரம் வெளியே இருக்க வேண்டும், அதில் அம்புக்குறி போட்ட ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். தலைகீழாக விரிந்த அஞ்சலிப் பேனரைப் பார்க்கும் குடும்பத்தின் நிலையை நினைத்தாலே போதும், இந்தப் பட்டையை யாரும் மறக்க மாட்டார்கள்.

ஓரங்களை மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைத்து, மீட்டருக்கு ஒரு ஐலெட் வளையம் அடிக்க வேண்டும். காற்றைக் குறைத்து எடைபோடாதீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் 200 சதுர மீட்டர் துணியை ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நிற்பவன் கை போய்விடும். பிடித்திருங்கள், சுற்றாதீர்கள். காற்று பலமாக இருந்தால் அன்று விரிக்காமல் அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு ஒத்திவைப்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பெரிய துணிக்குத் தீப்பற்றாத் தன்மைச் சான்று கேட்பது வழக்கம். துணி வாங்கும்போதே அதோடு வாங்கிவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

உங்கள் மைதானத்தில் இருக்கை உண்டு என்றால் அட்டை முறையையும் யோசிக்கலாம். 40 வரிசை, வரிசைக்கு 50 இருக்கை என்றால் 2000 அட்டை, ஏ3 அளவு. எழுத்துக்கு 5 இருக்கை அகலம், நடுவில் ஒரு இருக்கை இடைவெளி. உயரத்தை 7 வரிசை என்று வைத்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுத்து அமுங்கித் தெரியும், கேலரி சாய்ந்திருப்பதால் வரிசைகளின் ஆழம் கண்ணுக்குப் படுவதில்லை. 10 வரிசை வையுங்கள். அட்டையை இருக்கையில் செலோடேப்பால் ஒட்டாவிட்டால் காற்றில் போய்விடும். நிரம்பாத பகுதியில் இதைச் செய்யாதீர்கள். நான்கு காலி இருக்கை இருந்தால் பெயரே மாறிவிடும்.

அஸ்தியைப் புல்லில் தூவும் ஆசையைப் பற்றிச் சுருக்கமாக. எரித்த பின் 2 முதல் 3 கிலோ மிஞ்சும். அதில் காரமும் உப்பும் அதிகம், கொட்டிய இடத்தில் புல் கருகும். இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப் ஆடிவந்த குடிசன் பார்க் மைதானத்தில் 800க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி இருக்கிறது. இனி இடமில்லை என்று 2004இல் நிறுத்திவிட்டார்கள், 2025இல் ஆடவர் அணியே வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் ஷால்கே கிளப் ரசிகர்களுக்கென மைதான வடிவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கிளப் தோன்றிய ஆண்டைக் குறித்து 1904 இடங்களோடு. மண் நிலையானது, புல்தரை சில வருஷத்துக்கு ஒருமுறை பெயர்க்கப்படுவது. குடும்பத்துக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது நண்பர்களின் கடமை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நாளோடு முடிவது. எழுத்துக்கு என்ன செய்வது?

முதல் மாதத்தில் செய்ய வேண்டியது திரட்டுவது. ஆட்ட நாள் மலர்களில், சிற்றிதழ்களில், நண்பர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் எழுதியதெல்லாம் எங்கெங்கோ கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுதிய தேதி, எந்த ஆட்டத்தைப் பற்றியது, எங்கே வந்தது என்ற மூன்றையும் குறியுங்கள். மூன்றில் தேதிதான் முக்கியம். கால்பந்து எழுத்து அந்த வாரத்து ஸ்கோரோடு பிணைந்தது, தேதி போனால் அர்த்தமும் போகும். இறந்த சில நாளிலேயே அவர் சொன்னதாகப் பல வாசகங்கள் சுற்றத் தொடங்கும். பக்கத்தைக் காட்ட முடியாத எதையும் பேனரிலும் மலரிலும் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உரிமை வாரிசுகளுடையது. அர்ஜென்டினாவில் ஆசிரியர் இறந்த மறு ஆண்டு ஜனவரி 1 முதல் 70 ஆண்டு. ஃபோன்தனரோசா விஷயத்தில் 2077 முடியும் வரை. இந்தியாவில் 60 ஆண்டு. அன்பு இருக்கிறது என்பதற்காக அச்சடித்து விற்க முடியாது. குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வருமானம் வந்தால் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். துக்கத்தின் முதல் வாரத்தில் கேட்காதீர்கள்.

அப்புறம் ஒரு நாளைக் குறிக்க வேண்டும். இங்கேதான் ரொசாரியோவைப் பார்த்து எனக்குப் பொறாமை. அவர் இறந்த ஜூலை 19ஐ ஊர் மறக்கவில்லை. நகர மையத்தின் பண்பாட்டு மையத்துக்கு அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் சென்ட்ரல் ரசிகன் அவரை நினைக்கும் நாள் டிசம்பர் 19. ஓகல் என்ற ரசிகர் அமைப்பு ஆண்டுதோறும் அன்று கூடி அந்த கோலைத் திரும்ப நிகழ்த்துகிறது. பந்தை ஒருவர் போடுவார், ஆல்டோவே பாய்ந்து தலையால் முட்டுவார், வலை அசையும், எல்லோரும் 1971இல் கத்தியது போலவே கத்துவார்கள். தலை நரைத்த பின்னும் அவர் இதைச் செய்துவந்தார். கதை பிறப்பதற்கு முன்பே நடந்த கோல் அது. ஆனாலும் இன்று அந்தப் பாய்ச்சலைப் பார்க்கும் யாருக்கும் கேலரியில் கசாலே கிழவர் நிற்பது தெரியாமல் இருக்காது. எழுத்தாளரின் நினைவு நாளை அவர் செத்த தேதியில் வைக்காமல் அவர் எழுதிய தேதியில் வைப்பது, என்னைக் கேட்டால், எல்லாக் கிளப்பும் பின்பற்ற வேண்டிய வழக்கம். செத்த தேதி குடும்பத்துக்கு, எழுதிய தேதி கூட்டத்துக்கு.

அந்த நாளில் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் உரக்க வாசிப்பது. அர்ஜென்டினாவின் வானொலிக் குரலான அலெஹாந்த்ரோ ஆப்போ, கால்பந்துக் கதைகளை வானொலியிலும் மேடையிலும் வாசித்தே பலருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஃபோன்தனரோசாவைப் புத்தகத்தில் படிக்காமல் அவர் குரலில் கேட்டே அறிந்தவர்கள் உண்டு. கசாலே கதை ஒருவன் எதிரே இருப்பவனிடம் பேசுவதுபோலவே எழுதப்பட்டது என்பதால் வாசிக்க ஏற்றது.

மைதானத்தில் வாசிக்காதீர்கள், ஒலிபெருக்கியின் எதிரொலியில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முப்பது நாற்பது பேர் உட்காரும் காபிக்கடையோ சங்க அறையோ போதும். காபி இயந்திரத்தை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்குள் முடியும் பகுதியாகத் தேர்ந்தெடுங்கள், அதைத் தாண்டினால் பின்வரிசை பேச ஆரம்பிக்கும். வாசிப்பவர் நல்ல குரல்வளம் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை, ஊர்ப் பேச்சு நாக்கில் உள்ளவராக இருக்க வேண்டும். செய்தி வாசிப்பதுபோல வாசித்தால் இந்த மாதிரி எழுத்து செத்துவிடும். முதல் நாளே ஒருமுறை வாயால் படித்துப் பார்த்து, மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளட்டும். நெருங்கிய நண்பரிடம் கடைசிப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள், குரல் உடைந்தால் முடிவு யாருக்கும் கேட்காது. அவர் முதல் பக்கத்தைப் படிக்கட்டும்.

வாசிப்பு தொடங்குமுன் ஆட்டத்தின் தேதி, மைதானம், ஸ்கோர் மூன்றையும் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அறையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது, கேட்கவும் கூச்சப்படுவார்கள்.